பச்சைக்கிளிக்கு வழக்கு, மக்காவுக்குச் சான்றிதழ்: வீட்டில் அயல்நாட்டுப் பிராணி வளர்ப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலோ கொளத்தூர் மீன் கடைகளிலோ ஒரு நடை போய் வந்தால் இந்தக் கேள்விகளில் பாதி தானாக மனதில் எழும். கூண்டில் இருப்பதில் எது வாங்கலாம், எது வாங்கினால் வீட்டுக்கு வனத்துறை வரும் என்பது விலைச்சீட்டைப் பார்த்துத் தெரியாது. விற்பவருக்கே பல நேரம் தெரியாது, தெரிந்தாலும் சொல்ல மாட்டார். தமிழ்நாட்டில் இப்போது நடைமுறையில் உள்ள விதிகளை வைத்து இந்தப் பதில்கள்.

எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்தே பச்சைக்கிளி இருக்கிறது. அது குற்றமா?

ஆமாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் ஊர்ப் பச்சைக்கிளி காட்டுயிர். கழுத்தில் சிவப்பு வளையம் உள்ள செந்தார்ப் பைங்கிளி, தோளில் சிவப்புத் திட்டு உள்ள பெரிய மலைக்கிளி, எல்லாமே இதில் அடக்கம். முட்டையிலிருந்து நீங்களே வளர்த்தாலும், "ஏலே" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தாலும், சிறகு வெட்டாமல் சுதந்திரமாக விட்டிருந்தாலும் சட்டத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

இணையத்தில் இன்னமும் "கிளி நான்காவது அட்டவணையில்தான் இருக்கிறது, பெரிய தண்டனை இல்லை" என்று எழுதியிருப்பார்கள். அது பழைய கணக்கு. 2022இல் சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. உயிரினங்களைப் பட்டியலிடும் ஆறு அட்டவணைகள் நான்காகச் சுருங்கின. பச்சைக்கிளி இப்போது இரண்டாவது அட்டவணையில். பொதுவான குற்றங்களுக்கு மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. முன்பு அபராதம் 25,000 ரூபாயாக இருந்தது.

நடைமுறையில் ஒற்றைக் கிளி வைத்திருப்பவரைச் சிறைக்கு அனுப்புவதைவிட, கிளியை எடுத்துக்கொண்டு, வழக்கை முடிக்கச் சமரசக் கட்டணம் வசூலித்து விடுவதே அதிகம். ஆனால் சமரசம் என்பது அதிகாரி தரும் வாய்ப்பு. உரிமையாக அதைக் கேட்க முடியாது.

2024 நாடாளுமன்றத் தேர்தல் நேரத்தில் கடலூரில் ஒரு வேட்பாளருக்கு வெற்றி என்று சீட்டு எடுத்துக் கொடுத்தது ஒரு ஜோசியக் கிளி. அந்தக் காணொளி பரவியதும் வனத்துறை வந்து ஜோசியரைப் பிடித்தது, கிளிகளையும் எடுத்துப் போனது. தலைமுறை தலைமுறையாகக் கிளி ஜோசியம் பார்ப்பவர்களுக்கே சலுகை இல்லை என்றால், நம் வீட்டு வராந்தாக் கூண்டுக்கு எங்கிருந்து சலுகை வரும்?

அப்போது அமேசான் காட்டு மக்காவ் கிளி மட்டும் வைத்திருக்கலாமா? இது என்ன நியாயம்?

நியாயம் இல்லாதது மாதிரிதான் தெரியும். ஆனால் சட்டத்தின் கணக்கு வேறு. நம் நாட்டுக் காட்டிலிருந்து எடுத்ததா இல்லையா என்பதே அதன் முதல் கேள்வி. பனைமரப் பொந்தில் கை விட்டுக் குஞ்சை எடுக்கிறவனைத் தடுக்க ஒரே வழி, அந்தக் குஞ்சை வாங்க ஆள் இல்லாமல் செய்வது. அதனால் உள்நாட்டு இனங்களுக்கு மொத்தமாகத் தடை. வெளிநாட்டு இனங்களுக்கு, காட்டுயிர்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப்படி, ஆவணம் வைத்து வளர்க்க வழி.

எனவே "எக்ஸாட்டிக்" என்று கடைக்காரர் சொல்வதைக் கேட்டதும் பயப்பட வேண்டியதும் இல்லை, நிம்மதி அடைய வேண்டியதும் இல்லை. முதலில் அது எந்த இனம் என்று அறிவியல் பெயரோடு கேளுங்கள். பிறகு காகிதத்தைக் கேளுங்கள்.

சைட்டிஸ் பட்டியலில் இருப்பவை எவை?

மொத்தப் பட்டியல் புத்தகம் அளவுக்கு வரும். நம் ஊர்க் கடைகளில் அடிபடும் பெயர்களை மட்டும் சொல்கிறேன்.

பட்டியல் மூன்று பகுதிகளாக இருக்கிறது, அவற்றை இணைப்பு என்பார்கள். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி முதலாம் இணைப்பில் இருக்கிறது. 2017 தொடக்கத்திலிருந்து இந்த உச்சக் கட்டுப்பாடு. ஸ்கார்லட் மக்காவ், ஹயசிந்த் மக்காவ், மொலுக்கன் காக்கட்டூ ஆகியவையும் அதே இணைப்பில். நீலமும் மஞ்சளுமான மக்காவ், சன் கன்யூர் கிளி, பச்சை இகுவானா ஓணான், பால் பைத்தான் மலைப்பாம்பு, மார்மோசெட் குரங்கு எல்லாம் இரண்டாம் இணைப்பு. மூன்று இணைப்புகளில் எதில் இருந்தாலும் இந்தியாவில் பதிவு செய்யவே வேண்டும். இணைப்பு மாறினால் தண்டனைதான் மாறும்: முதலாம் இணைப்பு இனம் என்றால் குறைந்தது மூன்று ஆண்டு, ஏழு ஆண்டு வரை சிறை.

பட்ஜி எனப்படும் சின்ன ஆஸ்திரேலியக் கிளி, காக்கட்டீல் கிளி, வரிக்குருவி எனப்படும் ஜீப்ரா ஃபிஞ்ச் ஆகியவை பட்டியலில் இல்லை. இவற்றுக்குப் பதிவு வேண்டாம்.

லவ் பேர்ட்ஸ்?

இங்கேதான் எல்லோரும் குழம்புகிறார்கள். நம் ஊரில் "லவ் பேர்ட்ஸ்" என்று விற்கும் பறவைகளில் பெரும்பாலானவை ஆஸ்திரேலிய பட்ஜி. அதில் பிரச்சினை இல்லை. "ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ்" என்று கொஞ்சம் கூடுதல் விலைக்கு வருபவைதான் உண்மையான லவ் பேர்ட் இனங்கள். அவற்றில் இளஞ்சிவப்பு முகம் உள்ள இனத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் தடித்துத் தெரியும் ஃபிஷர் இனம் இரண்டாம் இணைப்பில் இருக்கிறது.

இரண்டும் ஒரே கூண்டில் ஒரே விலைக்கு விற்பனைக்கு இருக்கும். வாங்கும் முன் கண்ணைப் பாருங்கள். எந்த அதிகாரியும் லவ் பேர்டுக்காக வீடு வீடாகச் சோதனை செய்வதில்லை என்பது உண்மைதான். அதற்காகச் சட்டத்தில் அந்த வரி இல்லாமல் போய்விடாது. நாளைக்கு மாடியில் பத்து ஜோடி வைத்து விற்க ஆரம்பித்தால் அந்த வரி நினைவுக்கு வரும்.

பதிவு எப்படிச் செய்வது? எவ்வளவு செலவு?

சட்டத்தின் 49எம் பிரிவின்படி, சைட்டிஸ் பட்டியலில் உள்ள உயிருள்ள விலங்கு யாரிடம் இருந்தாலும் அவர் அறிவித்துப் பதிவு செய்ய வேண்டும். இதற்கான விதிகளை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2024 பிப்ரவரி 28 அன்று வெளியிட்டது. ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள். அது 2024 ஆகஸ்ட் இறுதியோடு முடிந்துவிட்டது. இப்போது புதிதாக வாங்குகிறவருக்குக் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாள்.

மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில்தான் விண்ணப்பம். கட்டணம் 1,000 ரூபாய். விண்ணப்பம் போய்ச் சேருவது நீங்கள் வசிக்கும் மாநிலத்தின் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம்.

பணத்தைவிட விவரங்களைத் திரட்டுவதில்தான் நேரம் போகும். அறிவியல் பெயர், எண்ணிக்கை, ஆணா பெண்ணா, வயது, அடையாளக் குறி, எங்கிருந்து வந்தது, வைத்திருக்கும் இடம் எப்படி என்று எல்லாம் தயாராக இருக்கட்டும். நல்ல வெளிச்சத்தில் படங்கள் எடுத்து வையுங்கள். கூண்டுக் கம்பி வழியாக எடுத்த மங்கலான படத்தை வைத்து எந்த அதிகாரியும் இனத்தை உறுதி செய்ய முடியாது.

பதிவு ஒரு முறை முடித்தால் கதை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். குஞ்சு பொரித்தால், இறந்தால், வேறு ஒருவருக்குக் கொடுத்தால், ஒவ்வொன்றையும் தெரிவிக்க வேண்டும். முதலாம் இணைப்பு இனத்தை இனப்பெருக்கம் செய்ய விரும்பினால் அதற்குத் தனி உரிமம்.

2020இலேயே தானாக முன்வந்து அறிவித்துவிட்டேன். மறுபடியும் பதிவு வேண்டுமா?

2020 ஜூனில் அமைச்சகம் ஒரு பொதுமன்னிப்பு மாதிரியான திட்டம் கொண்டுவந்தது. ஆறு மாதத்துக்குள் அறிவித்தால் எங்கிருந்து வாங்கினீர்கள் என்று ஆவணம் கேட்க மாட்டோம் என்றார்கள். பிறகு 2021 மார்ச் வரை நீட்டித்தார்கள். அந்தச் சான்று உங்களுக்குப் பெரிய சொத்து. விலங்கு எப்படி வந்தது என்ற கேள்விக்கு அதுவே பதில். ஆனால் அது வெறும் ஆலோசனைக் குறிப்பின் கீழ் வந்தது. 49எம் பதிவு சட்டத்தின் கீழ் வருவது. பழைய சான்றை இணைத்துப் புதிய பதிவையும் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

கெடு தாண்டிவிட்டது, இப்போது என்ன செய்வது?

ஒளித்து வைக்காதீர்கள். கெடுவைத் தவறவிட்டவராக நீங்களே போய் நிற்பதற்கும், பக்கத்து வீட்டுக்காரர் புகாரில் சிக்குவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. கையில் இருக்கும் ரசீது, தடுப்பூசிச் சீட்டு, பழைய படங்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மாவட்ட வன அலுவலகத்தில் எழுத்து மூலமாகத் தெரிவியுங்கள். முதலாம் இணைப்பு இனம் என்றால் போவதற்கு முன் ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிடுவது நல்லது.

கடைக்காரர் "பேப்பரோட தர்றேன் சார்" என்கிறார். என்ன பார்க்க வேண்டும்?

"பேப்பர்" என்று அவர் நீட்டுவது பெரும்பாலும் ஒரு சலவைக்கடைச் சீட்டு அளவுக்கு மதிப்புள்ள காகிதம். கால்நடை மருத்துவர் கொடுத்த டிஎன்ஏ பாலினப் பரிசோதனை முடிவைக்கூட "லைசென்ஸ்" என்று காட்டுவார்கள். அது ஆணா பெண்ணா என்று மட்டும்தான் சொல்லும்.

கேட்க வேண்டியது மூன்று. ஒன்று, விற்பவர் பெயரில் உள்ள பதிவுச் சான்றிதழ். அதில் உள்ள அடையாளம் இந்தப் பறவையோடு பொருந்த வேண்டும். இரண்டு, உங்கள் பெயருக்கு மாற்றுவதற்கான எழுத்துப்பூர்வமான ஒப்புதல். மூன்று, கடையின் பதிவு. 2018 செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி ஒவ்வொரு கடையும் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும்.

பறவை என்றால் கால் வளையத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். பண்ணையில் பிறந்த குஞ்சுக்குச் சில நாள் வயதிலேயே, கால் விரல்களைச் சேர்த்துப் பிடித்து, மூட்டே இல்லாத முழு வளையத்தை நுழைத்துவிடுவார்கள். பாதம் வளர்ந்த பிறகு அது கழலாது, புதிதாகப் போடவும் முடியாது. நகத்தால் தடவினால் இணைப்பு தட்டுப்பட்டாலோ, வளையம் கொஞ்சம் முட்டை வடிவத்தில் நசுங்கியிருந்தாலோ, அது வளர்ந்த பறவைக்குப் பிறகு மாட்டி இடுக்கியால் அழுத்தியது. வளையம் மட்டுமே சட்டச் சான்று ஆகாது. ஆனால் விற்பவர் சொல்லும் கதை உண்மையா என்று அந்தச் சின்ன உலோகம் சொல்லிவிடும்.

வாட்ஸாப் குழுவில் படம் போட்டு, "பஸ் பார்சலில் அனுப்புகிறேன்" என்பவரிடம் வாங்கவே வாங்காதீர்கள்.

பாங்காக்கில் மலிவாகக் கிடைக்கிறதாம். ஒன்று கொண்டு வரலாமா?

முடியாது. பயணப் பெட்டியில் உயிருள்ள விலங்கு கொண்டுவர விதிவிலக்கு நாய், பூனைக்கு மட்டும்தான். அதுவும் குடியிருப்பை இந்தியாவுக்கு மாற்றிக்கொண்டு வருபவருக்கு, இரண்டு வரை. மற்ற உயிரினங்களுக்கு வெளிநாட்டு வணிக இயக்குநரகத்தின் இறக்குமதி உரிமம், சைட்டிஸ் அனுமதி, தலைமை வன உயிரினக் காப்பாளரின் தடையின்மைச் சான்று, விலங்குத் தனிமைப்படுத்தல் துறையின் சோதனை என்று ஒரு வரிசையே இருக்கிறது. சுற்றுலா போன இடத்தில் ஒரு மாலையில் முடிக்கும் வேலை இல்லை.

சென்னை விமான நிலையத்தில் தாய்லாந்து விமானங்களில் பெட்டிகளைத் திறந்தால் அடிக்கடி வருவது இவைதான்: காலுறைக்குள் சுருட்டிய பாம்பு, பிளாஸ்டிக் டப்பாவில் அடுக்கிய ஆமை, மயக்க மருந்து கொடுத்த குரங்குக் குட்டி. பாதி வழியிலேயே செத்துப் போனவையும் இருக்கும். உயிரோடு இருப்பவற்றை வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்புவது வழக்கம். வனச் சட்டத்தோடு சுங்கச் சட்டமும் சேர்ந்து பாயும்.

"இலவச டிக்கெட், கைச்செலவு, ஒரு பெட்டியை மட்டும் கொண்டு வா" என்று கல்லூரிப் பையன்களைப் பிடிக்கிறார்கள். வழக்கு அந்தப் பையன் மேல்தான் வரும். பெட்டி கொடுத்தவன் போன் எண்ணை மாற்றிவிட்டுப் போயிருப்பான்.

ஆமை வளர்த்தால் செல்வம் வரும் என்கிறார்களே?

நட்சத்திர ஆமையா? கேஸ்தான் வரும். நம் நாட்டு இனம், வீட்டில் வைத்திருக்கவே கூடாது. 2019 முதல் சைட்டிஸ் முதலாம் இணைப்பிலும் சேர்த்துவிட்டார்கள். ஏரி, வயலில் கிடைக்கும் பாலாமையும் கறுப்பு ஆமையும் அப்படியே. இருதலை மணியன் எனப்படும் மண்ணுளிப் பாம்பு கோடிக்கணக்கில் விலை போகும் என்று சொல்லி ஏமாற்றுகிற கூட்டமும் இதே நம்பிக்கையில்தான் பிழைக்கிறது. அந்தப் பாம்பை வாங்கினவருக்கும் சிறை, விற்றவருக்கும் சிறை. கோடி ரூபாய் கொடுக்கும் வெளிநாட்டுக்காரரை மட்டும் யாரும் பார்த்ததில்லை.

கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு உள்ள குட்டி ஆமை மீன் கடைகளில் தாராளமாகக் கிடைக்கும். அமெரிக்கச் செங்காது ஆமை. வாங்கும்போது தீப்பெட்டி அளவு, சில ஆண்டுகளில் சாப்பாட்டுத் தட்டு அளவு, ஆயுள் முப்பது ஆண்டு வரை. அலுத்துப்போனவர்கள் கோயில் குளத்தில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள், புண்ணியம் என்று வேறு நினைத்துக்கொள்கிறார்கள். உலக அளவில் மிக மோசமான ஆக்கிரமிப்பு உயிரினங்களில் அது ஒன்று. உள்ளூர் ஆமையின் இரையையும் வெயில் காயும் கல்லையும் பிடித்துக்கொள்ளும். கேரளத்தில் ஓடைகளில் இந்த ஆமை தென்பட்டதும் பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிலையம் மக்களிடமிருந்து வாங்கிச் சேகரிக்கவே ஏற்பாடு செய்தது. குழந்தைகள் உள்ள வீட்டில் சால்மோனெல்லா கிருமித் தொற்றுக்கும் இந்த ஆமை பேர்போனது. என்னைக் கேட்டால், சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்பதற்கு முன்னாலேயே வேண்டாம் என்று சொல்லிவிட இவ்வளவு போதும்.

கவுதாரி, காடை, முயல்?

கவுதாரி காட்டுப் பறவை, கூடாது. காட்டு முயலும் அப்படியே. பண்ணையில் வளர்க்கும் ஜப்பானியக் காடைக்கும் வெள்ளை முயலுக்கும் தடை இல்லை. கறிக்கடையில் "காட்டுக் காடை" என்று கேட்டு வாங்குகிற பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

மீன் தொட்டிக்கு இந்தச் சட்டம் உண்டா?

உண்டு. கடல் குதிரை, பவளம் இரண்டும் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. ராமேஸ்வரம் பக்கம் கரையில் கிடந்தது என்றாலும் எடுத்து வரக்கூடாது. ஆசிய அரோவானா முதலாம் இணைப்பு, அரபைமா இரண்டாம் இணைப்பு. வாஸ்து மீன் என்று பெரிய தொட்டியில் வைத்திருப்பவர்கள், அது ஆசிய அரோவானாவா, தென் அமெரிக்க வெள்ளி அரோவானாவா என்று பாருங்கள். வெள்ளி அரோவானாவுக்குப் பதிவு தேவை இல்லை.

மாநகராட்சியில் உரிமம் வாங்கியிருக்கிறேன். அது போதாதா?

சென்னை மாநகராட்சி கொடுக்கும் செல்லப்பிராணி உரிமம் நாய்க்கும் பூனைக்குமானது. வெறிநாய்த் தடுப்பூசி போட்டதா, உரிமையாளர் யார் என்பதுதான் அதன் அக்கறை. இகுவானாவுக்கோ மக்காவுக்கோ அங்கே படிவம் இல்லை. காட்டுயிர் என்றால் வனத்துறை, கடை என்றால் விலங்குகள் நல வாரியம், நாய் பூனை என்றால் உள்ளாட்சி. ஒன்றின் காகிதம் இன்னொன்றில் செல்லாது.

பெங்களூரில் வாங்கி ஓசூருக்குக் கொண்டு வந்தாலும் சட்டம் ஒன்றுதான். வழியில் சான்றிதழ் கையில் இருக்கட்டும்.

கஃபேயில் பாம்பைக் கழுத்தில் போட்டுப் படம் எடுக்க விடலாமா? பொருட்காட்சியில் வைக்கலாமா?

பொதுமக்கள் பார்க்க விலங்குகளைக் காட்சிக்கு வைத்தால் அது மிருகக்காட்சி சாலை என்ற வரையறைக்குள் போய்விடும். மத்திய மிருகக்காட்சி சாலை ஆணையத்தின் அங்கீகாரம் இல்லாமல் நடத்த முடியாது. வீட்டில் வளர்க்கப் பதிவு இருப்பது அதற்கு அனுமதி ஆகாது. ரீல்ஸ் போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை: இடம், நாள், முகம் மூன்றையும் சேர்த்து நீங்களே சாட்சியம் தயாரித்துக் கொடுக்கிறீர்கள்.

காயம்பட்ட கிளிக் குஞ்சு கிடைத்தது. எடுத்துக் காப்பாற்றினால் அதுவும் குற்றமா?

காப்பாற்றுவது குற்றம் இல்லை, வைத்துக்கொள்வதுதான் குற்றம். காட்டுயிர் அரசின் சொத்து. கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ தெரிவிக்க வேண்டும் என்கிறது 39ஆம் பிரிவு. தேதியோடு ஒரு படம் எடுத்து, அழைத்த நேரத்தைக் குறித்து வையுங்கள். அதற்குள் சிகிச்சை அவசரமாகத் தேவை என்றால், சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போகலாம்.

இனி வளர்க்க முடியாது. எங்கே விடுவது?

வெளியே மட்டும் விடாதீர்கள். உள்நாட்டுக் கிளி என்றால் வனத்துறையிடம் ஒப்படையுங்கள். கூண்டிலேயே வளர்ந்த கிளிக்கு இரை தேடத் தெரியாது, பறக்கும் தசையும் வலுவிழந்திருக்கும். மாடியில் கூண்டைத் திறந்துவிட்டால் அன்று சாயந்தரமே காக்கை அடித்துவிடும். வனத்துறையினர் பழக்கி விடுவார்கள்.

அயல்நாட்டு இனம் என்றால், பதிவு உள்ள இன்னொருவருக்கு முறைப்படி மாற்றித் தருவது நல்ல வழி. வண்டலூர் உயிரியல் பூங்காவில் கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டு வரலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். எல்லா விலங்குக்கும் அங்கே கூண்டு காலியாக இருக்காது, வருகிறதை அப்படியே சேர்த்துக்கொள்ளவும் முடியாது, நோய்த் தொற்று பயம் இருக்கிறது. மாவட்ட வன அலுவலகத்தில் முதலில் எழுதிக் கொடுங்கள். எங்கே ஒப்படைப்பது என்று அவர்கள் சொல்வார்கள். ஒப்படைத்ததற்குக் கையெழுத்திட்ட ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள், பதிவேட்டில் உங்கள் பெயரை நீக்க அது வேண்டும்.